சிவப்புச் சால்வையும் டீச்சரம்மாவும்

அவர் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் எழுதப் போவதில்லை. எழுதினால், இருக்கிற இடத்திலிருந்தே "என் பேர எதுக்குமா அச்சுல போட்டே, ஊர்ல வேற சேதி இல்லியா?" என்று கேட்பார். கேட்டுவிட்டு, "சரி வுடு, வேணாம்னு நான் முன்னாடியே சொல்லியிருக்கணும். தப்பு என்னுது" என்றும் சேர்த்துக்கொள்வார். அதனால் விழுப்புரம் ரயில் காலனியில் எல்லோரும் கூப்பிட்ட மாதிரி டீச்சரம்மா என்றே இருக்கட்டும்.

தப்பு என்னுது. இந்த இரண்டு வார்த்தையை அவர் வாயிலிருந்து எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கே கிடையாது. ரயில் தாமதமாக வந்தால் தப்பு அவருடையது. மழை பெய்தாலும் அவருடையது. யாராவது அவர் காலை மிதித்துவிட்டால் காலை அங்கே வைத்ததற்கு அவர் மன்னிப்புக் கேட்பார். ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக வரும். இப்படியும் ஒரு மனுஷி தணிந்து தணிந்து போவாளா என்று மனசுக்குள் திட்டுவேன். எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்த வயது.

திண்டிவனத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தார். ஆள் குள்ளம். மூக்குக் கண்ணாடியின் ஒரு பக்கத்துக் காலை நூலால் கட்டியிருப்பார். தையல் டேப் கழுத்திலேயே தொங்கும். சனிக்கிழமைகளில் பள்ளிக்கூடம் விட்டு ரயிலேறி விழுப்புரத்தில் இறங்கி எங்கள் குவார்ட்டர்ஸ் வழியாக நடந்து வருகிறபோதும் அதைக் கழற்ற மறந்திருப்பார்.

நான் அவரை முதலில் பார்த்தது எங்கள் வீட்டுக் கொல்லைப்பக்கம். யுத்த காலம். எங்கள் வீட்டுக்காரர் கூட்ஸ் வண்டி கார்டு. பனமலைப் பக்கத்தில் காணி நிலம் வைத்திருந்த குடும்பம், பிள்ளைக்கு ரயிலில் வேலை கிடைத்ததும் என் மாமியாரையும் கூட்டிக்கொண்டு விழுப்புரம் வந்தது. அத்தைக்கு நான் வாய்விட்டுப் பாடுவது பிடிக்காது. அவர் கடைத்தெருவுக்குப் போயிருக்கிற நேரம் பார்த்து, பாத்திரம் தேய்த்துக்கொண்டே பாடுவேன். அன்றைக்கும் அப்படித்தான். வேலிக்கு அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது. சட்டென்று நிறுத்திவிட்டேன்.

"யாரும்மா பாடுனது?"

"நான்தாங்க. சத்தம் ஜாஸ்தியா இருந்துச்சா?"

"அதெல்லாம் இல்ல. நான் நடந்த சத்தத்துல நீ நடுவுல நிறுத்திட்டே. தப்பு என்னுது. எங்க விட்டியோ அங்கேருந்து பாடு, நான் நின்னு கேட்டுட்டுப் போறேன்."

புளியும் சாம்பலுமாக இருந்த கையோடு நின்றபடி மிச்சத்தைப் பாடினேன். அவர் வேலி மூங்கிலின்மேல் விரல்களை ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அது பியானோ வாசிக்கிற விரல் என்று எனக்கு அப்போது தெரியாது.

பியானோவை அவர் கற்றது ஒரு கதை. அதையும் ஒரே மூச்சில் சொன்னதில்லை. ஒருநாள் கொஞ்சம், ஒருநாள் கொஞ்சம். முகையூர்ப் பக்கம் அவருடைய அப்பா. சொந்தமாக ஒரு கையகலம் நிலம் கிடையாது, அடுத்தவர் கொல்லையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிக் கூலி வாங்கின மனிதர். மகளை மிஷன் விடுதியில் கொண்டுபோய் விட்டார். விடுதியில் இவருக்குக் கிடைத்த வேலை பியானோவைத் தூசி தட்டுவது. "தட்டித் தட்டியே எந்தக் கட்டைக்கு எந்தச் சத்தம்னு தெரிஞ்சிபோச்சு. ஒருநா டாக்டரம்மா பின்னால வந்து நின்னுட்டாங்க. பயந்துட்டேன். அவங்க அடிக்கல, பக்கத்துல உக்கார வச்சிக்கினாங்க" என்று சொல்லியிருக்கிறார். அந்த அமெரிக்க டாக்டரம்மா யுத்தம் வந்ததும் ஊருக்குத் திரும்பிப் போனார். பியானோவை விற்றுவிட்டார்கள். போகிறபோது ஒரு பாட்டுப் புத்தகத்தையும் நாலு கிராமபோன் தட்டையும் இவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். அமெரிக்காவில் பெரிய பட்டணத்துக் கொட்டகையில் வருஷக்கணக்கில் ஓடின பாட்டு நாடகமாம் அது.

பியானோ இல்லாமல் பாட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? விழுப்புரம் ரயில் காலனியில் ஆபீசர்களுக்கென்று ஒரு கிளப் இருந்தது. அங்கே ஒரு பியானோ, தொடுவதற்கு ஆள் இல்லாமல் கிடப்பதாக யாரோ சொல்லக் கேட்டு, கிளப் செக்ரட்டரிக்குக் கடிதம் எழுதினார். இந்த நாடகத்தை ரயில்காரர்களையே வைத்துத் தமிழில் போடுகிறேன், சம்பளம் வேண்டாம், சனிக்கிழமைகளில் பியானோவை மட்டும் தொடவிட்டால் போதும் என்று. யுத்த நிதிக்கு ஏதாவது நிகழ்ச்சி வேண்டும் என்று மேலிடத்தில் நெருக்கிக்கொண்டிருந்த சமயம். செக்ரட்டரி சரி என்றார். அதுவரை எங்களைப்போன்ற ஆட்கள் அந்தக் கிளப்பின் உள்வாசலைத் தாண்டினதில்லை.

கதை சுருக்கமாக இதுதான். துறைமுகத்து ஊர்ப் பெண் ஒருத்தி. அவள் மனசுக்குப் பிடித்தவன் கப்பலேறிப் போகிறான். கடைசியில் ஊரே கூடிப் பாட, அவள் போர்வையை வீசி வீசி வழியனுப்புகிறாள். அவ்வளவுதான், பாக்கி எல்லாம் பாட்டு. பார்சல் ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் தமிழில் எழுதிக்கொடுத்தார். விழுப்புரத்தில் கப்பலை யார் பார்த்தது என்று ரயிலாக மாற்றிவிட்டார்கள்.

அந்தப் பெண்ணாக நான் பாட வேண்டும் என்று டீச்சரம்மா தீர்மானம் பண்ணிக்கொண்டு, அத்தையிடம் கேட்க வீட்டுக்கே வந்தார். அத்தை அவரை வெராண்டாவிலேயே உட்காரச் சொன்னார். எந்த ஊர், யார் வீட்டுப் பெண் என்று இரண்டு கேள்வி. மூன்றாவது கேள்வி தேவைப்படவில்லை. வெளியாட்களுக்கென்று வெராண்டா ஓரத்தில் ஒரு நசுங்கின அலுமினியக் குவளை கவிழ்த்திருக்கும். அதில் தண்ணீர் மொண்டு தரையில் வைத்தார். டீச்சரம்மா குவளையைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். "தாகம் இல்லீங்க" என்றார். சொன்ன குரலில் ஒரு கோணலும் இல்லை. பிறகு பாட்டு விஷயத்தைப் பேசினார்.

அத்தை கடைசியில் ஒத்துக்கொண்டார், இரண்டு நிபந்தனையோடு. "ஜோடியா நடிக்கிறவன் எம் புள்ளையாத்தான் இருக்கணும். நானும் வந்து பாப்பேன். ஒரே தடவ. எவனாச்சும் இவளப் பாத்து சிரிச்சான்னு வையி, அத்தோட பாட்ட மூட்ட கட்டி பரண்ல போட்டுடணும். அப்புறம் பாடறேன் கீடறேன்னு வாயத் தொறக்கக் கூடாது." என்னைப் பார்த்து, "சம்மதமா?" என்றார். தலையை ஆட்டினேன். அவர் சொன்னால் சொன்னதுதான். பாட்டு இல்லாத வாழ்க்கை எப்படியிருக்கும் என்று எனக்குக் கல்யாணமான முதல் இரண்டு வருஷத்தில் தெரிந்திருந்தது. அதனால் அந்த ஒரே தடவைக்கு என் உயிரைக்கூடக் கொடுத்திருப்பேன்.

டீச்சரம்மாவைத் தெருமுனை வரை கொண்டுவிடப் போனேன். குவளை என் நெஞ்சில் குத்திக்கொண்டே வந்தது. அவர் பாணியிலேயே, "மன்னிச்சிக்கங்க டீச்சரம்மா, தப்பு என்னுது" என்றேன். அதெல்லாம் இல்லம்மா என்று தட்டிக்கொடுப்பார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் நின்று என் முகத்தைப் பார்த்தார். "ஆமா. உன்னுதுதான். நீ கதவாண்ட நின்னு பாத்துக்கினே இருந்தே. ஒரு வார்த்த சொல்லல" என்றார். பிறகு உடனே, "இப்ப சொல்லிட்டே இல்ல, சரி. சனிக்கிழம ஜல்தி வந்துடு" என்று போய்விட்டார்.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இந்த மனுஷி தணிந்து போகிறவள் இல்லை. குவளைக்கு அவர் மன்னிப்புக் கேட்கவில்லையே! தன்னுடைய பங்கு எங்கே இருக்கிறதோ அதை மட்டும்தான் எடுத்துக்கொள்வார். அடுத்தவர் பங்கைத் தேடிப் போக மாட்டார். நாமாகக் கொண்டுபோய் நீட்டினால், இல்லை என்றும் சொல்ல மாட்டார்.

ஒத்திகை ஒரே அமர்க்களம். கூட்டமாகப் பாட இருபது பேர். கார்டுகள், தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன்கள், நிலக்கரி அள்ளுகிற ஃபயர்மேன்கள். டீச்சரம்மா கையை ஆட்டினால் யாரும் பார்ப்பதில்லை. ஒருவர் ஆரம்பிக்கும்போது இன்னொருவர் முடித்துக்கொண்டிருப்பார். மூன்றாவது சனிக்கிழமை டீச்சரம்மா பியானோவிலிருந்து எழுந்து வந்தார். "நான் கைய ஆட்டறது உங்களுக்குப் புரியல. தப்பு என்னுது. எத ஆட்டுனா பாப்பீங்க?"

கிழட்டுப் பாயிண்ட்ஸ்மேன் ஒருவர் தலையைச் சொறிந்துகொண்டே, "கொடிய ஆட்டுங்க டீச்சரம்மா. செத்துப்போனாலும் பாப்போம்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரம்மா சிரிக்கவில்லை. எங்கள் வீட்டுக்காரரிடம் பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று வாங்கிக்கொண்டார். பச்சை காட்டினால் பாட்டு. சிவப்பு காட்டினால், பாதி வார்த்தையானாலும் சரி, நிறுத்தம். என்ன சொல்வது, ஒரே மணி நேரத்தில் இருபது பேரும் ஒரு குரலாகிவிட்டார்கள். ஃபயர்மேன் ஒருவர், "இத மொதல்லியே சொல்லியிருந்தா இவ்ளோ பேஜாரு ஆயிருக்காதே" என்று டீச்சரம்மாவிடமே குறைப்பட்டுக்கொண்டார். அதற்கும் தப்பு அவருடையதாயிற்று.

இன்னொரு தொல்லை ஷண்டிங் இஞ்சின். கிளப்புக்குப் பின்னாலேயே யார்டு. நான் உருகிப் பாடுகிற இடம் பார்த்து ஊதும். காது கூசும். பாட்டும் ஊதலும் ஒன்றோடு ஒன்று முட்டிக்கொள்ளும். டீச்சரம்மா இரண்டு வாரம் அந்த ஊதலைக் கேட்டுக் கேட்டு, பியானோவில் ஒவ்வொரு கட்டையாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பாட்டை அரைக்கட்டை ஏற்றி வைத்தார். அப்புறம் இஞ்சின் ஊதினால் எனக்குச் சுருதி போட்ட மாதிரி இருக்கும். "இஞ்சினு சரியாத்தான் ஊதிக்கினு இருந்துச்சு. நான்தான் வேற எடத்துல உன்ன நிறுத்தி வச்சிட்டேன்" என்றார். இஞ்சினிடம்கூடத் தோற்றுப்போக அவருக்குக் கூச்சமில்லை.

எங்கள் வீட்டுக்காரருக்குப் பாட்டு வராது. வராது என்றால் தாலாட்டுகூட வராது. டீச்சரம்மா ஒருநாள் கேட்டுப் பார்த்துவிட்டு, "இவருக்குப் பாட்டு எதுக்கு? வண்டியேறிப் போனா போதும். அதான் கதைக்கும் நல்லது" என்று எல்லா வரியையும் வெட்டிவிட்டார். அவருக்கு ஒரே சந்தோஷம். அட்டையில் ஒரு ரயில் பெட்டி செய்து, கீழே சக்கரம் வைத்து, பக்கவாட்டிலிருந்து அந்தக் கிழட்டுப் பாயிண்ட்ஸ்மேன் கயிற்றால் இழுக்க ஏற்பாடு.

ராத்திரியில் விளக்குக்குக் கட்டுப்பாடு இருந்ததால் நாடகத்தை ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு வைத்தார்கள். முன்வரிசையில் ஆபீசர்கள், பின்னால் ரயில் குடும்பங்கள். அத்தை மூன்றாவது வரிசையில், நடைபாதை ஓரமாக, பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தார்.

எனக்காக ஓர் அம்மாள் வீட்டிலிருந்து சந்தன நிறச் சால்வை இரவல் வாங்கி வைத்திருந்தார்கள். பழசு. பூச்சி அரித்த ஓட்டை இரண்டு இருந்தது. ஒத்திகையில் அதைக்கூடத் தரவில்லை, துண்டைத்தான் வீசுவேன். அன்றைக்கு அதைக் கையில் எடுத்ததும் மனசு சுருங்கிப்போயிற்று. அத்தை பார்க்க வந்திருக்கிறார். அடுத்த வீட்டுக் கந்தலைப் போர்த்திக்கொண்டா நிற்பது? என் பெட்டியில் கல்யாணத்துக்குப் பெரியப்பா போர்த்தின சால்வை இருந்தது. வரும்போதே மடித்து எடுத்து வந்திருந்தேன். கடைசிக் காட்சிக்கு முன்னால், படுதாவுக்குப் பின்னால் நின்று, சந்தனத்தை அவிழ்த்துப் போட்டுவிட்டு அதைப் போர்த்திக்கொண்டேன். நல்ல சிவப்பு. ரத்தச் சிவப்பு. சின்னக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன். எனக்கே என்னைப் பிடித்திருந்தது.

மேடைக்குப் போனேன். டீச்சரம்மா கீழே பியானோவில். பச்சைக்கொடி அசைந்தது. இருபது பேரும் ஆரம்பித்தார்கள். எங்கள் வீட்டுக்காரர் அட்டைப் பெட்டியில் ஏறி நின்றார். பெட்டி நகர்ந்தது. நான் பாடினேன்:

"ஊர் எல்லை தாண்டும் வண்டி
ஒருமுறை கூவட்டும்,
என் பேரை உரக்கச் சொல்லி..."

அந்த இடத்தில் சால்வையை எடுத்து, இரண்டு கையாலும் தலைக்குமேல் வீச வேண்டும். வீசினேன்.

பாட்டு நின்றது. கத்தரித்த மாதிரி நின்றது. இருபது வாயும் மூடிக்கொண்டன. பக்கவாட்டில் பாயிண்ட்ஸ்மேன் கயிற்றைப் போட்டுவிட்டார். பெட்டி குலுங்கி நின்றது. இதெல்லாம் போதாதென்று, என்னைவிட்டு ஒரேயடியாகப் போக வேண்டிய என் புருஷன், பெட்டியிலிருந்து கீழே இறங்கி, தண்டவாளத்தில் என்ன கோளாறு என்று குனிந்து பார்த்தார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சால்வை கையில்.  பிறகு முன்வரிசையில் யாரோ ஒருவர் சிரிக்க ஆரம்பித்தார். அது பின்னால் பரவியது. எல்லோரும் ரயில்காரர்கள் அல்லவா, சிவப்பைக் கண்டு நின்றுவிட்டார்கள் என்று அவர்களுக்கு உடனே புரிந்துவிட்டது. நான் அத்தையைப் பார்த்தேன். அத்தையின் முகம் இறுகிக்கொண்டே வந்தது. என் பாட்டு பரண்மேல் ஏறுவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றேன்.

டீச்சரம்மா எழுந்தார். அவர் கையில் இருந்தது பச்சைக்கொடி. அதை இடுப்பில் செருகி, சிவப்பை எடுத்து, சபையைப் பார்த்துத் திரும்பித் தூக்கிக் காட்டினார்.

"மன்னிக்கணும். பாட்டு நடுவுல நான் செவப்ப தூக்கிட்டேன். பாடுனவங்க மேல குத்தம் இல்ல. கொடி புடிக்கத் தெரியாத தையக்காரி நானு. தப்பு என்னுது" என்றார்.

சிரிப்பு திரும்பி அவர்மேல் விழுந்தது. கொடி பிடிக்கத் தெரியாத தையல்காரி என்று ஆபீசர் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். டீச்சரம்மா அதற்கெல்லாம் அசையவில்லை. என்னைப் பார்த்து மெதுவாக, "சால்வைய தோள்ல போட்டுக்க. வீசாத. எங்க விட்டியோ அங்கேருந்து" என்றார். பச்சை காட்டினார். பாடினேன். எப்படிப் பாடினேன் என்று கேட்காதீர்கள். இஞ்சினும் பின்னால் அதே சுருதியில் ஊதிற்று. முடிந்தபோது கைதட்டல் ஓய நேரமாயிற்று.

வீட்டுக்கு வரும்போது அத்தை சொன்னார்: "நீ ஒழுங்காத்தான் பாடுனே. அந்தம்மாதான் கொளப்பிட்டா. சரி, பாடு. கோயில்ல கீயில்ல கூப்ட்டா போ."

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எங்கள் வீட்டுக்காரரும், கோரஸ்காரர்களும், யாரும் சொல்லவில்லை. அவர்களுக்கு அது பிறகு பேசிச் சிரிக்கிற சமாச்சாரம். எனக்கு அப்படியில்லை.

அடுத்த சனிக்கிழமை டீச்சரம்மா வந்தபோது பியானோ பூட்டியிருந்தது. ஆபீசர்கள் முன்னால் கிளப்பின் மானத்தை வாங்கிவிட்டாராம். இனி வர வேண்டாம் என்று செக்ரட்டரி வாசலிலேயே வைத்துச் சொல்லி அனுப்பினார். அவர் ஸ்டேஷனுக்குத் திரும்பி நடந்து போனதை எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தேன். கழுத்தில் டேப் தொங்கிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்து போய்க் கூப்பிட எனக்குக் கால் வரவில்லை.

அப்புறம் நான் பாடினேன். பனமலைக் கோயில் உற்சவத்தில் பாடினேன், கல்யாணங்களில் பாடினேன். இரண்டு வருஷம் போயிற்று. யுத்தமும் முடிந்தது. சொந்தத்தில் ஒரு கல்யாணம். நான் பாடி முடித்ததும் அத்தை நாலு பேரிடம் பெருமை பேசிக்கொண்டிருந்தார். "எம் மருமவ சபையில ஒரு பெசகு பண்ணதில்ல. ஒருக்கா ஒரு தையக்காரிதான் கொடிய மாத்திக் காட்டிக் கெடுக்கப் பாத்தா." இலையை மூடிவிட்டு எழுந்தேன். கெடுக்கப் பார்த்தாளாமே!

மறுநாள் காலையில் இரண்டு பேரும் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தோம். சொல்லிவிட்டேன். சால்வை, சிவப்பு, பூட்டின பியானோ, எல்லாம். அத்தை உரிப்பதை நிறுத்தவில்லை.

"ரெண்டு வருசமா வாய மூடிக்கினு இருந்தே?"

"ஆமா அத்தை."

"அந்தம்மாவாண்ட சொன்னியா?"

"இல்ல அத்தை."

"எங்கிட்ட சொல்லி இன்னா புண்ணியம்? அங்க போய் சொல்லு."

 எங்கள் வீட்டுக்காரர் அப்போது பாசஞ்சர் வண்டிக்கு மாறியிருந்தார். அவர் வண்டியிலேயே திண்டிவனம் போய், திரும்பி வரும்போது ஏறிக்கொள்வதாக ஏற்பாடு. கிளம்புகிறபோது அத்தை அடுப்பங்கரையிலிருந்து ஈயம் பூசின சொம்பைக் கொண்டுவந்தார். வீட்டுப் பால், மோரெல்லாம் அதில்தான். வாயில் துணி கட்டியிருந்தது.

"மோரு. வெயிலா இருக்குது."

"எனக்கு எதுக்கு அத்தை?"

"உனக்குன்னு யாரு சொன்னா? உனக்கு ஸ்டேசன்ல தண்ணி கெடைக்காதா?" என்றார். வாசல் வரை வந்து, "சொம்ப வுட்டுட்டு வந்துடாத. சாயங்காலம் தயிரு தோய்க்கணும்" என்றார்.

பள்ளிக்கூடத்தில் அவர் ஒரு பெண்ணின் பக்கத்தில் குனிந்து நின்றார். அந்தப் பெண் ரவிக்கைத் துணியைக் கோணலாக வெட்டித் தொலைத்திருந்தது. "என் கத்திரி மொக்க. தப்பு என்னுது. இரு, ஒட்டுப் போட்டுடலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்ததும் கண்ணாடியைச் சரிபண்ணிக்கொண்டார்.

நான் சுற்றி வளைக்கவில்லை. "டீச்சரம்மா, அன்னிக்கு சிவப்ப தூக்குனது நீங்க இல்ல, நான். நீங்க பழி ஏத்துக்கிட்டீங்க, நான் பாத்துக்கினே இருந்தேன். மறுபடியும் கதவாண்டயே நின்னுட்டேன்" என்றேன். அழுகை வந்துவிட்டது.

அவர் என்னை பெஞ்சில் உட்காரவைத்தார். "நீ படுதாவுக்குப் பின்னால அத போத்திக்கினப்ப பியானோவாண்டேருந்து நான் பாத்தேம்மா. கண்ணாடியில பாத்துக்கினே. மொகம் எவ்ளோ சந்தோசமா இருந்துச்சு தெரியுமா? நல்லாருக்குதேன்னு நெனச்சேன். செவப்பாச்சே, நம்ம ஆளுங்க நின்னுடுவாங்களேன்னு தோணல. அவங்கள அப்பிடிப் பழக்குனது யாரு? நான்தானே? சும்மா சொல்லல அன்னிக்கு. நெசமாவே என்னுதுதான்."

"பாதியாச்சும் என்னுது டீச்சரம்மா."

கழுத்திலிருந்த டேப்பைச் சுருட்டி மேசைமேல் வைத்தார். "சரி. பாதி எடுத்துக்க" என்றார். இதுவரை எனக்கு எத்தனையோ பேர் பட்டும் பொன்னும் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பாதிபோல ஒன்றை யாரும் கொடுத்ததில்லை.

"பியானோ போச்சே" என்றேன்.

"போச்சு" என்றார். "அதுக்கு நான் அழுதேம்மா. பொய் சொல்ல மாட்டேன். ரெண்டு நாள் சோறு எறங்கல." தையல் மேசையின் விளிம்பில் அவர் விரல்கள் தாமாக ஓடி நின்றன. நான் அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு சொம்பை நீட்டினேன். "அத்தை குடுத்துவிட்டாங்க. மோரு."

துணியை அவிழ்த்து உள்ளே பார்த்தார். சொம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எந்தச் சொம்பு?"

"அடுப்பங்கரைச் சொம்பு. பத்திரமா எடுத்துக்கினு வரச் சொன்னாங்க. சாயங்காலம் தயிரு தோய்க்கணுமாம்."

அவர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார். துடைத்து முடிக்க ரொம்ப நேரம் ஆயிற்று. பிறகு அண்ணாந்து குடிக்காமல், விளிம்பில் வாய் வைத்து, நிதானமாக, கடைசிச் சொட்டு வரை குடித்தார். "தாகமாத்தான் இருந்துச்சு" என்றார்.

ஸ்டேஷன் வரை வந்தார். வண்டி வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்தேன், மடியில் காலிச் சொம்பு. பிளாட்பார வேலியைப் பிடித்துக்கொண்டு டீச்சரம்மா நின்றார். பின்னால் கார்டு பெட்டியிலிருந்து எங்கள் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, பச்சைக்கொடியை அசைத்தார்.

பச்சை பார்த்தால் பாட வேண்டும் அல்லவா? மூன்றாம் வகுப்புப் பெட்டி நிறைய ஜனம். நான் ஒருவரையும் பார்க்கவில்லை. ஜன்னலில் தலையை நீட்டிப் பாடினேன், அன்றைக்கு அறுந்த இடத்திலிருந்து:

"என் பேரை உரக்கச் சொல்லி
இவ்வண்டி போகட்டும்."

இஞ்சின் ஊதிற்று. வேலியின்மேல் டீச்சரம்மாவின் பத்து விரலும் ஓடிக்கொண்டிருந்தன. வளைவு திரும்புகிற வரை நான் நிறுத்தவில்லை.

சாயங்காலம் அத்தை அந்தச் சொம்பை வாங்கி, எப்போதும்போல ஒரு தடவை அலம்பி, பாலை ஊற்றித் தயிருக்கு உறை குத்தினார். மறுநாள் எல்லோரும் அந்தத் தயிரைத்தான் சாப்பிட்டோம்.